ஒரே ஏழை மாவட்டம், ஒரே தேர்வு: பள்ளிக்குப் பள்ளி ஏன் இத்தனை வேறுபாடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வறுமை மிகுந்த ஒரு பள்ளி மாவட்டத்தின் தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் திரும்ப எழுகின்றன. இரண்டு மைல் இடைவெளியில் இரண்டு பள்ளிகள். இரண்டிலும் ஏழைப் பிள்ளைகள். நடத்துவதும் ஒரே நிர்வாகம். ஒன்றில் பாதிப் பேர் கணக்கில் தேறியிருக்கிறார்கள், மற்றதில் பத்தில் ஒருவர். குற்றம் பள்ளியுடையதா, வீட்டுடையதா, தேர்வுடையதா? சில கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

‘பள்ளி மாவட்டம்’ என்பது எது?

அது பள்ளிகளை நடத்துவதற்காகவே உள்ள தனி நிர்வாக அமைப்பு. பெரும்பாலும் மக்களே தேர்ந்தெடுக்கும் வாரியம் ஒன்றும் அதன்கீழ் ஒரு கண்காணிப்பாளரும் இருப்பார்கள். உள்ளூர் சொத்து வரி, மாநில நிதி, மத்திய நிதி மூன்றும் சேர்ந்துதான் செலவு நடக்கும். நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இப்படி உண்டு. சிலவற்றில் நான்கைந்து பள்ளிகள்தாம், சிலவற்றில் நூற்றுக்கணக்கில்.

எல்லாப் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள்தானே? அப்படியானால் போட்டி சமம்தானே?

பெரும்பாலான தவறான தீர்ப்புகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

அமெரிக்கப் பள்ளிகளில் வறுமையை நீண்ட காலமாக அளந்துவந்தது மதிய உணவுக் கணக்கை வைத்துத்தான். குடும்ப வருமானம் அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவச உணவு, 185 சதவீதம் வரை என்றால் சலுகை விலையில் உணவு. மாணவர்களில் 75 சதவீதத்துக்கு மேல் இந்த வரம்புக்குள் வந்தால் அது ‘வறுமை மிகுந்த பள்ளி’. வசதியான கணக்கு, ஆனால் முரட்டுக் கணக்கு. வறுமைக்கோட்டில் 180 சதவீத வருமானமும் நிலையான வேலையும் வாடகை பாக்கியில்லாத வீடும் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கும், தாயோடு காப்பகத்தில் தூங்கி எழுந்து வரும் பிள்ளைக்கும் ஒரே பத்தியில் ஒரே டிக்.

2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஏழைகள் செறிந்த பள்ளி தனித்தனி விண்ணப்பம் வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடலாம் என்றது. பிள்ளைகளின் வயிற்றுக்கு அது நல்ல சட்டம், புள்ளிவிவரத்துக்குச் சங்கடம். மாவட்டத்தின் பல பள்ளிகளில் நூற்றுக்கு நூறு பேரும் ‘ஏழை’ என்று பதிவானால் அந்த எண் எதையும் பிரித்துக் காட்டாது.

மிச்சிகன் மாநிலத் தரவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, ஓர் ஆண்டுக் கணக்கைவிட வறுமையில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதைப் பார்த்தது. எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் உணவு வரம்புக்குள்ளேயே இருந்த பிள்ளைகளுக்கும் ஒருமுறைகூட வராத பிள்ளைகளுக்கும் இடையிலான இடைவெளி, வழக்கமான கணக்கு காட்டுவதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருந்தது. ஆக, 92 சதவீதம், 95 சதவீதம் என்று அச்சிடப்பட்ட இரண்டு பள்ளிகள் உள்ளே முற்றிலும் வேறு வேறு பள்ளிகளாக இருக்கலாம். பொது வீட்டுவசதிக் குடியிருப்பை ஒட்டிய பள்ளியில் நீண்டகால வறுமை குவிந்திருக்கும். நான்கு தெரு தள்ளி, சொந்த வீடுகள் கொஞ்சம் உள்ள பகுதியில் அது நீர்த்திருக்கும்.

தேர்ச்சி விகிதம் குறைந்த பள்ளி மோசமான பள்ளி என்று சொல்லலாமா?

அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தேர்ச்சி விகிதம் காட்டுவது பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை. அந்த இடத்துக்கு எங்கிருந்து வந்தான் என்பதை அது காட்டாது. ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும்போதே ஒரு குழந்தைக்கு எழுத்துகள் தெரியும், இன்னொன்றுக்குப் புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே புதிது. அந்த இடைவெளியை உண்டாக்கியது பள்ளி அல்ல. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் உத்தரவுப்படி சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்த பெரும் ஆய்வு 1966-இல் வெளிவந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்துவிட்டு அது சொன்ன செய்தி அன்று பலரை அதிரவைத்தது: மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டில் குடும்பப் பின்னணியின் பங்கு பெரிது, பள்ளிக்குப் பள்ளி உள்ள வேறுபாட்டைவிட ஒரே பள்ளிக்குள் உள்ள வேறுபாடு அதிகம். ‘அப்படியானால் பள்ளியால் ஒன்றும் ஆகாது’ என்று அதைச் சிலர் படித்தார்கள். அது அவசரப் படிப்பு.

ஏனென்றால் இரண்டாவதாக ஓர் எண் இருக்கிறது: வளர்ச்சி. அதே பிள்ளைகள் ஓர் ஆண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள மாவட்டங்களின் தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலில் கொண்டுவந்து பார்த்தார். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் நிற்கும் இடம் குடும்ப வசதியோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது. மூன்றிலிருந்து எட்டு வரையிலான வளர்ச்சியோ வசதியோடு அவ்வளவாக ஒட்டவில்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிக்காகோவில், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குரிய முன்னேற்றம். சராசரி மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது.

ஒரு கற்பனைக் கணக்கு. ‘அ’ பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் 48 சதவீதத் தேர்ச்சி. இதே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது 55. ‘ஆ’ பள்ளியில் இப்போது 27 சதவீதம், அன்று 12. பட்டியலில் ‘அ’ மேலே நிற்கும், வீட்டு விலையும் அங்கேதான் ஏறும். என் பிள்ளைக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ‘ஆ’வின் வாசலில்தான் நிற்பேன்.

அப்படியானால் வளர்ச்சி எண்ணை அப்படியே நம்பலாமா?

ஓர் ஆண்டு எண்ணை நம்ப வேண்டாம். 25 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 4 சதவீதப் புள்ளி. தேர்வு நாளன்று இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஜன்னலுக்கு வெளியே சாலை தோண்டும் இயந்திரம், அவ்வளவுதான், விகிதம் 8 புள்ளி சரிந்துவிடும். நூறு பேர் எழுதும் பள்ளியில் அதே இரண்டு காய்ச்சல் 2 புள்ளிதான். அதனால்தான் மாநிலத் தரவரிசைகளின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகளே அதிகம் தென்படுகின்றன. அவற்றில் பல அடுத்த ஆண்டே நடுவுக்கு வந்துவிடும். இந்த ஊசலாட்டத்தைச் சாதனை என்று பதாகை கட்டியவர்களும் உண்டு, தோல்வி என்று தலைமையாசிரியரை மாற்றியவர்களும் உண்டு. மூன்று ஆண்டுச் சராசரியைப் பாருங்கள்.

மாவட்டத்தின் ‘நட்சத்திரப் பள்ளி’ எப்போதும் முதலில் வருகிறதே?

சேர்க்கை விதியைப் படித்துவிட்டீர்களா? நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் பள்ளி, முந்தைய மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதமும் கேட்கும் மேக்னெட் பள்ளி (ஏதேனும் ஒரு சிறப்புப் பாடத்தை முன்வைத்துப் பல பகுதிப் பிள்ளைகளை ஈர்க்கும் அரசுப் பள்ளி), இவை நன்றாகப் படிப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு நன்றாகப் படிக்கிறார்கள் என்று அறிவிக்கின்றன. போஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளில், மயிரிழையில் இடம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் பொருளியல் அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். பின்னாளைய தேர்வு மதிப்பெண்களில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. நட்சத்திரப் பள்ளி இழுத்துக்கொண்ட நாற்பது பிள்ளைகள் எங்கிருந்தோ போனவர்கள்தானே? அவர்கள் விட்டுப்போன பள்ளிகளின் சராசரி, அங்கே கற்பித்தலில் ஒரு துரும்பும் மாறாமலேயே இறங்கும்.

சார்ட்டர் பள்ளிகள்?

அவையும் அரசுப் பணத்தில் நடப்பவைதாம், தனி நிர்வாகம். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடலாம் என்பதால் நேர்மையான சோதனை இங்கே சாத்தியமாகிறது. போஸ்டனில் அப்படிப் பார்த்தபோது சார்ட்டர் மாணவர்களின் முன்னேற்றம் பெரிதாகவே இருந்தது. எல்லா ஊரிலும் எல்லாச் சார்ட்டர் பள்ளியிலும் அப்படி இல்லை. பெயர்ப்பலகை பாடம் எடுப்பதில்லை.

ஒரே மாவட்டம் என்றால் பணமும் சமமாகத்தானே போகும்?

மாவட்டங்களுக்கு இடையிலான பண வேறுபாடு ஊரறிந்தது. டெக்சாஸ் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் மாவட்டம் ஒரு மாணவருக்கு 356 டாலர் செலவிட்டபோது, அதே நகரின் வசதியான அலமோ ஹைட்ஸ் 594 டாலர் செலவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கூட்டாட்சி அரசமைப்பு இதைத் தடுக்கவில்லை என்று 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது.

மாவட்டத்துக்கு உள்ளே நடக்கும் வேறுபாடு ஓசையில்லாதது. பல மாவட்டங்கள் பள்ளிக்குப் பணத்தை அல்ல, ஆசிரியர் பணியிடங்களைப் பங்கிடுகின்றன. இரு பள்ளிக்கும் 30 ஆசிரியர்கள். பட்ஜெட் தாளில் மாவட்டச் சராசரிச் சம்பளத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் ஒரே தொகை. ஆனால் பணிமூப்பு உள்ளவர்கள் இடமாற்றத்தில் அமைதியான பள்ளிக்குப் போய்விடுகிறார்கள், சிக்கலான பள்ளிக்குப் புதியவர்கள் வருகிறார்கள். இருபதாண்டு அனுபவக்காரரின் சம்பளமும் முதலாண்டுக்காரரின் சம்பளமும் ஒன்றா? உண்மையில் செலவாகும் பணம் மிகவும் வேறுபடும், தாளில் மட்டும் சமத்துவம். 2015 டிசம்பரில் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம், பள்ளிவாரியாக ஒரு மாணவருக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பதை வெளியிடச் சொன்னது. வாரியக் கூட்டங்களில் கேள்வி கேட்பவர்களுக்கு அது நல்ல ஆயுதம். எடுத்துப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

ஆசிரியர் மாறினால் அவ்வளவு பாதிப்பா?

பள்ளியின் கையில் உள்ளவற்றில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பெருநகர மாவட்டத்தின் பள்ளிப் பதிவேடுகளை வருமான வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தது. மாணவர் மதிப்பெண்ணை உயர்த்தும் ஆசிரியரிடம் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பும், பெரியவர்களான பின் அவர்கள் சம்பாதிப்பதும் கூடுதலாக இருந்தன.

எண்களை விட்டுவிட்டு ஒரு வகுப்பறைக்குள் போவோம். கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்ட பள்ளியில் வேலை பார்த்தவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். நவம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம், நான்காம் வகுப்பு. வகுப்பாசிரியர் அக்டோபரில் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்று நிற்பவர் மூன்றாவது பதிலி ஆசிரியர். சுவரில் வாசிப்புக் குழுக்களின் பெயர்கள் பழைய ஆசிரியரின் கையெழுத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றில் இரண்டு பெயருக்குரியவர்கள் ஊர் மாறிவிட்டார்கள். பின்வரிசையில் போன வாரம் சேர்ந்த பையன். பழைய பள்ளியிலிருந்து அவன் கோப்பு இன்னும் வரவில்லை. பதிலி ஆசிரியர் பின்னக் கணக்குத் தாளைக் கொடுக்கிறார். அவன் வேறு பள்ளியில் செப்டம்பரில் ஒருமுறை செய்தது, அக்டோபரில் இன்னொரு பள்ளியில் மறுபடி செய்தது. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொள்கிறான். தசமம் அவனுக்கு எங்கேயும் வரப்போவதில்லை. அவன் நுழையும் ஒவ்வொரு பள்ளியும் அதை ஏற்கனவே முடித்திருக்கும், அல்லது இன்னும் தொடங்கியிருக்காது.

வசந்தகாலத் தேர்வில் அந்தப் பையனின் மதிப்பெண் இந்தப் பள்ளியின் வளர்ச்சிக் கணக்கில் சேருமா என்பது மாநில விதியைப் பொறுத்தது. அவனுடைய தலை கவிழ்ந்திருப்பது எந்த அறிக்கையிலும் வராது.

வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடாதா?

கொஞ்சம் சரியாகும். 1985-இல் டென்னசி மாநிலத்தில் 79 பள்ளிகளில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளுக்கும் 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளுக்கும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். சின்ன வகுப்புகள் முந்தின, ஏழைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் பயன் கூடுதல். பிறகு 1996-இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் ஒரே மூச்சில் தொடக்க வகுப்புகளைச் சுருக்கியது. திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். ஏழைப் பள்ளிகளுக்கு வந்துசேர்ந்தவர்களில் முழுத் தகுதி பெறாதவர்கள் அதிகம்.

பிள்ளைகள் பள்ளிக்கே வராவிட்டால்?

கல்வி ஆண்டில் பத்து சதவீத நாள் வராமலிருந்தால் ‘தொடர் வராமை’ என்பார்கள். 180 நாளில் 18, அதாவது மாதத்துக்கு இரண்டு நாள். கேட்பதற்குச் சிறியதாக இருக்கும். 2021–22-இல் நாடு முழுவதும் நான்கில் ஒரு பிள்ளைக்கும் மேல் இந்தக் கணக்கில் வந்தார்கள். ஏழை மாவட்டங்களில் நிலைமை இன்னும் கடுமை. ஆஸ்துமா, பஸ்ஸைத் தவறவிட்டால் வேறு வண்டி இல்லாமை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை என்று காரணங்கள் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே. ஆனாலும் ஒரே பகுதியின் இரண்டு பள்ளிகளில் வராமை வேறுபட்டால், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு யார் தொலைபேசியில் அழைக்கிறார்கள், எத்தனையாவது நாளில் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

படிப்போடு சம்பந்தமில்லாத வேறு காரணங்கள்?

சம்பந்தமில்லாதவை என்று சொல்லிவிட முடியாது. பால்டிமோரில் பள்ளியிலேயே கண் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட முடிவில், முதல் ஆண்டு வாசிப்பு மதிப்பெண் உயர்ந்தது. மிகவும் பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகப் பலன். ‘மந்தம்’ என்று குறிக்கப்பட்ட சிலருக்குக் கரும்பலகையே தெரியவில்லை, அவ்வளவுதான்!

வெப்பமும் அப்படித்தான். குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், கல்வி ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டுக் கற்றல் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே மாவட்டத்தில் ஒரு கட்டடம் புதிது, ஒன்று பழையது என்றால் இதுவும் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடும்.

ஏழ்மைக்கு நடுவிலும் முன்னேறும் பள்ளிகள் என்ன செய்கின்றன?

அந்தோணி பிரைக்கும் சக ஆய்வாளர்களும் 1990-களின் சிக்காகோ தொடக்கப் பள்ளிகளை, முன்னேறியவை நூறு, முன்னேறாதவை நூறு என்ற அளவில் ஒப்பிட்டார்கள். ஐந்து தூண்கள் தென்பட்டன: தலைமை, ஆசிரியர் திறனும் ஒற்றுமையும், பெற்றோரோடு உறவு, பாதுகாப்பான சூழல், வகுப்புக்கு வகுப்பு தொடர்ச்சி உள்ள பாடத்திட்டம். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பலனில்லை. பெரும்பாலானவை வலுவாக இருந்த பள்ளிகளுக்கு முன்னேறும் வாய்ப்பு பல மடங்கு.

நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டி 1989-இல் மாநில அரசு கையகப்படுத்திவிடும் விளிம்பில் இருந்தது. ஸ்பானிஷ் பேசும் குடியேறிகள் நிறைந்த ஏழை ஊர். பாடத்திட்டத்தைத் தங்கள் ஆசிரியர்களை வைத்தே திருத்தி எழுதினார்கள், மழலையர் கல்வியை விரித்தார்கள், தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் படிப்படியாகக் கொண்டுபோனார்கள். பரபரப்பாக ஒன்றும் இல்லை. பல ஆண்டு அதையே விடாமல் செய்தார்கள்.

மிசிசிப்பி மாநிலம் 2013-இல் வாசிப்புச் சட்டம் இயற்றி, எழுத்தொலி முறையில் (எழுத்தை அதன் ஒலியோடு இணைத்து வாசிக்கக் கற்பிப்பது) ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களும் கொடுத்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் தேசியத் தேர்வில் 49-ஆம் இடத்திலிருந்து 2022-இல் 21-க்கு வந்தது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் அதே சட்டத்தில் உண்டு. உயர்வில் அதன் பங்கு எவ்வளவு என்ற வாக்குவாதம் இன்னும் நடக்கிறது.

மதிப்பெண் திடீரென்று எகிறினால் சந்தேகப்படலாமா?

படலாம். அட்லாண்டா மாவட்டத்தில் 2009 தேர்வுத் தாள்களில், தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை குறிக்கப்பட்ட இடங்கள் நம்பமுடியாத அளவுக்கு இருந்தன. மாநில விசாரணை 2011-இல் 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்களின் பங்கைச் சுட்டியது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. திருத்தப்பட்ட தாள்களில் ‘தேறிய’ பிள்ளைகள் கூடுதல் உதவிக்குத் தகுதியற்றவர்களாகிப் போனார்கள். எனக்கு அந்தக் கதையில் இன்றும் உறுத்துவது இதுதான்.

அடிமட்டத்தில் இருக்கும் பள்ளியை மூடிவிடலாமே? மாநிலமே எடுத்து நடத்தலாமே?

சிக்காகோ 2013-இல் சுமார் 50 பள்ளிகளை மூடியது. இடம்பெயர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண், மூடல் அறிவிப்பு வந்த ஆண்டிலேயே சரிந்தது. மாவட்டங்களை மாநில அரசுகள் எடுத்துக்கொண்டதன் விளைவை நாடளாவிய அளவில் பார்த்த 2021 ஆய்வில், சராசரியாக மதிப்பெண் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. சில இடங்களில் நன்மை நடந்ததும் உண்மை. மூடுவதற்கு முன் ஒரு கேள்வி: பிள்ளைகள் போகப்போகும் பள்ளி, வளர்ச்சிக் கணக்கில், இப்போதுள்ளதைவிட உண்மையிலேயே மேலா?

பெற்றோராக நான் எதைப் பார்ப்பது?

இணையத்தில் பத்துக்கு இத்தனை என்று ஒரே எண்ணாகத் தரும் மதிப்பீடு பெரும்பாலும் அக்கம்பக்கத்தின் வருமானத்தைத்தான் சுற்றிவளைத்துச் சொல்கிறது. மாநிலத்தின் பள்ளி அறிக்கையில் மூன்று ஆண்டு வளர்ச்சியையும் தொடர் வராமையையும் பாருங்கள். பிறகு ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். பாட இடைவேளையில் நடைக்கூடத்தில் நில்லுங்கள். பெரியவர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று காது கொடுங்கள்.

தலைமையாசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே மூன்றாம் வகுப்பு எடுத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? சிலர் கோப்பைத் தேடுவார்கள், சிலர் பேச்சை மாற்றுவார்கள். யோசிக்காமல் பெயர்களைச் சொல்லி, போனவர் ஏன் போனார் என்பதையும் சொல்பவர் கிடைத்தால், அந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.